கை அடையாளம் காணப்படவில்லை

செத்த காலேஜ் என்று சொன்னால்தான்
இன்னும் சில ஆட்டோக்காரர்களுக்கு எழும்பூரில் வழி தெரிகிறது.
அதற்கு உயிர் கொடுக்கும் வேலை
டெண்டரில் எங்கள் கம்பெனிக்கு விழுந்தது.

வெண்கலக் கூடத்தில் ஒரு திரை.
திரைக்கு மேல் கட்டைவிரல் அளவில் ஒரு கண்.
தரையில் மஞ்சள் ஸ்டிக்கரில் இரண்டு பாதம்.
அங்கே நின்று வலக்கையை அசைத்தால் அம்மன் சுழல்வாள்.
இரு கையையும் விரித்தால் கிட்டே வருவாள்.
பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒன்றரை அடியில் அசல்:
தொடாதீர்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன் அவளை,
பூட்டிய கூடத்தில், மூன்று இரவு.
அலங்காரம் செய்தவர்கள் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய
பின்கொசுவத்தை, அக்குளை, பீடத்தின் அடியை,
காதுக்குப் பின்னால் மண்வெட்டி பட்ட தழும்பை.
மண்ணுக்கடியில் கிடந்து வந்தவள்.
கோப்பில் ஊர் என்ற கட்டத்தில்
யாரோ ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் காவலர் தனகோடி ஃபோன் செய்தார்.
ஹேங் ஆவுது மேடம், பாதிப் பேருக்கு வேலையே செய்யல.

பதிவைத் திறந்தேன்.
10.42 கை அடையாளம் காணப்படவில்லை.
10.43 கை அடையாளம் காணப்படவில்லை.
11.05
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருநூற்றுச் சொச்சம்.

லென்ஸைத் துடைத்தேன். ஒயரை மாற்றினேன்.
ஏசி சொட்டும் வாளியை நகர்த்தி வைத்தேன்.
என் கைக்கு நன்றாகத்தான் சுழன்றாள்.

அப்புறம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில்
மூன்று மணிக்குத்தான் ரிசல்ட் என்று சொல்லியிருப்பார்கள்.
இடுப்பில் பிள்ளை, அதன் புறங்கையில் ஊசியும் பிளாஸ்திரியும்.
அந்தப் பெண் பிள்ளையை இறக்கினாள்.
செருப்பைக் கழற்றி
மஞ்சள் பாதங்களுக்கு வெளியே ஓரமாக வைத்தாள்.
வலக்கையை அசைக்கவும் என்றது திரை.
அவள் இரண்டு கையையும் சேர்த்தாள்.

தள்ளும் கை தெரியும் எங்கள் கண்ணுக்கு,
இழுக்கும் கை, கிள்ளும் கை,
டாட்டா காட்டும் கைகூடத் தெரியும்.
இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதற்கு அது கையே இல்லை.
அவள் முகத்துக்கு நேரே எழுதியது
சிவப்பில், நான் போட்டுக்கொடுத்த தமிழில்.
உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
கையை எடுக்கவில்லை.

இது கோயில் இல்லம்மா, மியூசியம்
என்றார் க்யூரேட்டர் மெர்சி ஹெப்சிபா.
நாளைக்கு உண்டியல் எங்கே என்பார்கள்.
சரிதான் என்றேன்.
கோப்பை மூடிவிட்டு அவரே சொன்னார்:
ஆனா அந்தச் சிவப்பு எழுத்து வேண்டாம்.

பெங்களூர் ஆபீஸுக்கு டிக்கெட் போட்டேன்.
புதிய கையசைவு ஒன்று சேர்க்க வேண்டும்.
இதன் மூலம் பயனர் எதிர்பார்ப்பது என்ன?
நட்சத்திரக் குறி போட்ட கட்டம், நிரப்பாமல் விடாது.
வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு
நானும் ஒரு கோடு போட்டேன்.

மாதிரிக்கு முந்நூறு கும்பிடு வேண்டும் என்று பதில் வந்தது.
தனகோடி நாற்பது கொடுத்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு.
கேன்டீன் பையன் ஐம்பது, சிரித்துக்கொண்டே.
சாம்பிளுக்குத்தானே என்று கேட்டுவிட்டு இர்ஃபான் இருபது.
மெர்சி மேடம் கதவைச் சாத்தச் சொன்னார்.
பன்னிரண்டு. கண்ணை மூடியிருந்தார்.
மிச்சம் நான்,
கோயிலுக்குப் போய்ப் பல வருஷம் ஆனவள்,
தோள் வலிக்கும் வரை.
எது யாருக்கென்று லென்ஸ் கேட்கவில்லை.

இப்போது கை சேர்ந்தால் சுழல்வது நிற்கிறது.
முன்பக்கம் திருப்பி நிறுத்தப் பணம் கூடக் கேட்டார்கள்.
அதனால் எங்கே வந்தாளோ அங்கேயே நிற்கிறாள்,
சில சமயம் முதுகைக் காட்டி, அந்தத் தழும்போடு.

அப்போதும் யாரும் கையை இறக்கி நான் பார்க்கவில்லை.